டெலிவரி பாய் மாதிரி இருக்கா? இருந்துட்டுப் போகட்டும்

முதல்லயே சொல்லிடறேன், இது பைக் ரிவ்யூ கிடையாது. டாப் ஸ்பீடு, பிக்கப், மைலேஜ் எதுவும் இதுல வராது. பைக்ல சீட்டு முடியுற இடத்துல கருப்பா, ஆமை ஓடு மாதிரி உக்காந்திருக்குமே ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அந்த டாப் பாக்ஸைப் பத்தி எழுதப் போறேன். இதுக்கு ஒரு முழுக் கட்டுரையான்னு நம்ம எடிட்டோரியல் டீம்லயே கேட்டாங்க. நம்ம மாணவர் பார்க்கிங்கை ஒரு சுத்து சுத்தி வாங்க. பெட்டி வெச்ச வண்டியை விரல் விட்டு எண்ணிடலாம். அப்படியே ஸ்டாஃப் பார்க்கிங் பக்கம் போங்க, வரிசைக்கு ரெண்டாவது நிக்கும். அவங்க தூக்கிட்டு வர்றதை விட நாம தூக்கிட்டு வர்றதுதான் அதிகம். அப்புறம் ஏன் நம்ம பக்கம் பெட்டியே இல்ல?

இந்தக் கேள்வியை நிறைய பேர்கிட்ட கேட்டுப் பாத்துட்டேன். வெயிட்டு, விலைன்னு ஆரம்பிப்பாங்க. ரெண்டு நிமிஷம் பேச்சு கொடுத்தா உண்மையான பதில் வெளிய வந்துடும்: "மச்சி, டெலிவரி பாய் மாதிரி இருக்கும்டா."

பெட்டி வேண்டாம்னு சொல்ல நல்ல காரணங்கள் இருக்கு. அதையெல்லாம் நானே கீழ சொல்றேன். ஆனா இந்த ஒண்ணு அந்த லிஸ்ட்ல சேராது.

ஹாஸ்டல்காரங்க இந்தப் பத்தியைத் தாண்டிடலாம். டே ஸ்காலர்ஸ் மட்டும் உங்க பையை ஒரு தடவை கொட்டிப் பாருங்க. லேப்டாப், சார்ஜர், ரெக்கார்டு நோட்டு, அப்சர்வேஷன், லேப் கோட், டிபன் பாக்ஸ், தண்ணி பாட்டில். அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும் மழைக்கோட்டு எக்ஸ்ட்ரா. ஃபர்ஸ்ட் இயர்னா டிராஃப்டர் தனிக் கதை. இத்தனையும் எங்க இருக்கு? முதுகுல. செங்கல்பட்டு பக்கத்துலேர்ந்து ஜி.எஸ்.டி. ரோட்டுல தினமும் வண்டியில வர்றவங்க நம்மள்ல எத்தனை பேர்! சிங்கப்பெருமாள்கோவில் தாண்டும்போதே தோள்பட்டை இழுக்க ஆரம்பிக்கும். மறைமலைநகர் சிக்னல்ல சட்டை முதுகோட ஒட்டிடும். முதல் ஹவர் முழுக்க ஃபேனுக்குக் கீழ இடம் தேடுறதுலயே போயிடும். இது சொகுசைப் பத்தின பேச்சுன்னு நினைக்காதீங்க. வண்டியோட கீழ விழுந்தா மல்லாக்க விழுறதும் உண்டு. அப்போ உங்க முதுகெலும்புக்கும் தார் ரோட்டுக்கும் நடுவுல இருக்கப் போறது அந்த லேப்டாப் சார்ஜர் கட்டைதான்.

அதை விடப் பெரிய விஷயம் ஹெல்மெட். "ஏன்டா ஹெல்மெட் போடல?"ன்னு கேட்டா முடி கொட்டுது, வேர்க்குதுன்னு சொல்றவன் கூட, கடைசியில சொல்றது "எங்க வைக்கிறது?"ங்கறதைத்தான். கேள்வியில நியாயம் இருக்கு. கண்ணாடியில மாட்டினா காணாமப் போகும். டேங்க் மேல வெச்சா உருண்டு விழும், மழை பெஞ்சா உள்ள இருக்கிற ஸ்பாஞ்ச் எல்லாம் ஊறும். கிளாஸுக்குத் தூக்கிட்டுப் போனா டெஸ்க்ல பாதி இடம் அதுக்கே. அதனால கேட் வரைக்கும் கையில மாட்டிட்டு வந்து, செக்யூரிட்டி அண்ணனைப் பாத்ததும் தலையில வெச்சுக்கற கலையை நம்மாளுங்க நல்லா கத்து வெச்சிருக்காங்க. 2022 அக்டோபர்லேர்ந்து தமிழ்நாட்டுல ஹெல்மெட் இல்லன்னா அபராதம் 1,000 ரூபாய். அதுக்கு அப்புறமும் இந்தக் கலை அழியல. ஹெல்மெட்டுக்குன்னு பூட்டுப் போட்ட ஒரு இடம் இருந்தா, போடாம இருக்கச் சொல்ற காரணங்கள்ல ஒண்ணாவது குறையும்.

இப்போ அந்த டெலிவரி பாய் விஷயத்துக்கு வருவோம்.

நம்ம ஊர்ல வண்டியில சாமான் கட்டிட்டுப் போறது புதுசா என்ன? டி.வி.எஸ். 50 வந்தது 1980ல. அன்னிலேர்ந்து இன்னிக்கு இருக்கிற எக்ஸ்.எல். 100 வரைக்கும் அந்த வண்டி மேல கேஸ் சிலிண்டர், அரிசி மூட்டை, வாழைத்தார், கோழிக்கூண்டுன்னு ஏறாத பொருளே கிடையாது. நம்ம அப்பாக்கள் காலத்து பைக்ல சைடு பாக்ஸ் இருக்கும். சதுரமா, ஒரு பக்கம் மட்டும் தொங்கிட்டு, சின்னப் பூட்டு போட்டு. பேங்க் கிளார்க்ல இருந்து ஸ்கூல் வாத்தியார் வரைக்கும் அதுலதான் டிபன் கேரியரும் ஃபைலும் வெச்சு ஆபீஸ் போனாங்க. அதைப் பாத்து யாரும் சிரிச்ச மாதிரி தெரியல. சொல்லப் போனா சைடு பாக்ஸ் இருந்தா "பொறுப்பான ஆளு"ன்னு பேரு.

சரி, அது பழைய காலம்னே வெச்சுக்குவோம். ஹிமாலயன் வண்டியைப் பாருங்க. 2016ல வந்த வண்டி. அதைத் தயாரிக்கிற கம்பெனியோட ஃபேக்டரிகள் நம்ம ஒரகடம், வல்லம் வடகால் பக்கமே இருக்கு. அதுக்கு ரெண்டு பக்கமும் அலுமினியப் பெட்டி, பின்னாடி ஒரு அலுமினியப் பெட்டின்னு மாட்டிட்டு ஒருத்தர் நம்ம கேட் முன்னாடி வந்து நின்னா என்ன நடக்கும்? சுத்தி நின்னு செல்ஃபி எடுப்போம். "லடாக் போறீங்களா ப்ரோ?"ன்னு கேப்போம். அதே வேலையைச் செய்யற பெட்டியை 100 சிசி வண்டியில மாட்டினா "ஆர்டர் எங்க ப்ரோ?"ன்னு கேக்கறோம். வண்டியோட விலை மட்டும்தான் மாறியிருக்கு. அப்போ நாம சிரிக்கறது பெட்டியைப் பாத்து இல்ல. அந்தப் பெட்டியை வெச்சுப் பொழைக்கிறவங்களோட சேத்து நம்மளை யாராவது எண்ணிடுவாங்களோங்கற பயம்தான் அந்தச் சிரிப்பு.

இதுல எனக்குச் சிரிப்பு வர்ற இடம் ஒண்ணு இருக்கு. இந்த வருஷம் ஃபைனல் இயர் புராஜெக்ட் டைட்டில்களை எடுத்துப் பாருங்க. டெலிவரி ரூட் ஆப்டிமைசேஷன், ட்ரோன் டெலிவரி, லாஸ்ட் மைல் லாஜிஸ்டிக்ஸ்னு டிபார்ட்மென்டுக்கு ரெண்டாவது இருக்கும். பிளேஸ்மென்டுக்கு அந்தக் கம்பெனிகள் வந்தா டை கட்டிட்டு முதல் வரிசையில உக்காருவோம். அவங்க ஆப்ல கோடு எழுதினா பெருமை. அந்த ஆப்பைப் பாத்து வண்டி ஓட்டறவன் மாதிரி தெரிஞ்சா மட்டும் அசிங்கம்.

எங்க கிளாஸ்ல ஒருத்தன் சாயங்காலம் டெலிவரி ஓட்டறான். எக்ஸாம் ஃபீஸ், பெட்ரோல், தங்கச்சியோட ஸ்கூல் வேன் காசு எல்லாம் அதுலேர்ந்துதான். கிளாஸ்ல ரொம்பப் பேருக்கு இது தெரியாது, தெரியக் கூடாதுன்னு அவனும் பாத்துக்கறான். பார்க்கிங்ல கடைசி வரிசையில வண்டியை விடுவான். கம்பெனி டி-ஷர்ட்டைச் சுருட்டி பைக்கு அடியில, நோட்டுக்குக் கீழ வெச்சுப்பான். நான் பெட்டி மாட்டின வாரம் அவன்தான் முதல்ல வந்து தட்டிப் பாத்தான். விலை கேட்டான், எவ்வளவு புடிக்கும்னு கேட்டான். அப்புறம் மெதுவா, "இதுல டி-ஷர்ட்டை வெச்சுப் பூட்டிடலாம்ல மச்சி?"ன்னான். பெட்டி மாட்டினா டெலிவரி பாய் மாதிரி தெரியும்னு ஒரு கூட்டம் பயப்படுது. நிஜமா டெலிவரி பண்றவனுக்கு, அதை நம்மகிட்டேர்ந்து மறைக்க ஒரு பெட்டி தேவைப்படுது. "ஆர்டர் எங்க ப்ரோ?"ன்னு யாராவது கேக்கும்போது அவனும் பக்கத்துலதான் நிப்பான், அவனும் சிரிப்பான். அவன் யாருன்னு உங்களுக்குத் தெரியாது. அதனாலதான் சொல்றேன், அந்த ஜோக்கைக் கொஞ்சம் நிறுத்திக்கலாம்.

இனி நல்ல காரணங்கள். இவங்களோட எனக்குச் சண்டையே இல்ல.

முதல் காரணம் வண்டி. உங்களோடது ஸ்போர்ட்ஸ் மாடலா, ரெண்டு துண்டு சீட்டா, பின்னாடி பிடிக்க ரெண்டு சின்ன அலுமினியக் கைப்பிடி மட்டும்தானா? விட்டுடுங்க. அதுல பொதுவான கேரியர் சரியா உக்காராது. அந்த மாடலுக்குன்னே செஞ்ச கேரியர் வேணும், அதோட விலை பெட்டியை விட அதிகமாகலாம். அழகு கெட்டுடும்னு நினைச்சா அதுவும் நியாயமான காரணம்தான். ஆசைப்பட்டு வாங்கின வண்டியோட கோடு உங்களுக்கு முக்கியம்னா அது உங்க ரசனை. "அழகா இல்ல"ங்கறதும் "அவங்க மாதிரி இருக்கு"ங்கறதும் வேற வேற பேச்சு.

ரெண்டாவது காரணம் எடை. இதைச் சொல்றவங்களுக்கு ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ் கணக்கு ஒண்ணு போட்டுக் காட்டறேன். ஸ்ப்ளெண்டரோட வீல்பேஸ் 1,236 மில்லிமீட்டர். பெட்டியோட நடுப்புள்ளி பின் ஆக்ஸிலுக்கு 300 மில்லிமீட்டர் பின்னாடி இருக்குன்னு வெச்சுக்குவோம். பெட்டி 4 கிலோ, உள்ள சாமான் 5 கிலோ, ஆக மொத்தம் 9 கிலோ. பின் ஆக்ஸிலைச் சுத்தி மொமென்ட் எடுங்க. 9ஐ 300ஆல பெருக்கி 1,236ஆல வகுத்தா சுமார் 2.2. அதாவது முன் சக்கரத்து மேல இருக்கிற பாரத்துல 2.2 கிலோ குறையும், பின் சக்கரத்து மேல 11.2 கிலோ கூடும். வழக்கமான வேகத்துல இது பெரிய விஷயமே இல்ல. அதே பெட்டியில 20 கிலோ அரிசி ஏத்தினா 24 கிலோவுக்குக் கணக்குப் போடுங்க, முன்னாடி 6 கிலோ கிட்டப் போயிடும். ஹேண்டில் லேசாகி, வேகத்துல பின்பக்கம் ஆட ஆரம்பிக்கும். பெட்டியிலயும் கேரியர்லயும் 3 கிலோ, 5 கிலோன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாங்களே, அது அலங்காரத்துக்கு இல்ல. புவியீர்ப்பு மையம் மேல போயிடும்னு சிலர் சொல்வாங்க. அதே சாமான் உங்க தோள்ல இருந்தா இன்னும் மேலதானே இருக்கு? பெட்டியோட நிஜப் பிரச்சினை உயரத்தை விட அது எவ்வளவு பின்னாடி இருக்குங்கறதுலதான்.

மூணாவது பணம். நான் கொடுத்தது பெட்டிக்கு 2,600, கம்பிக் கேரியருக்கு 700. 3,300 ரூபாய் நமக்குச் சின்னக் காசு இல்ல. கையில இல்லன்னா இல்லதான், அதுக்கு மேல பேச எதுவும் கிடையாது. ஆனா அதே காசுல சைலன்சரை மாத்தி, தெருவையே எழுப்பி, அதுக்கு ஒரு அபராதமும் கட்டினவங்க என்கிட்ட செலவைப் பத்திப் பேச வேண்டாம்.

வாங்கறதுன்னு முடிவு பண்ணிட்டீங்கன்னா சென்னையில ஜெனரல் பீட்டர்ஸ் ரோடு போங்க. ஆன்லைன்ல இன்னும் விலை குறைவாக் கூடக் கிடைக்கலாம். ஆனா இது கையால அமுக்கிப் பாத்து வாங்க வேண்டிய பொருள். மூடியைத் திறந்து ரெண்டு மூலையையும் புடிச்சு முறுக்கிப் பாருங்க. பப்படம் மாதிரி வளைஞ்சா வெச்சுட்டு வந்துடுங்க. மூடி ஓரத்துல ஓடற ரப்பர் பீடிங் எங்கயும் விட்டுப் போகாம இருக்கணும். 30 லிட்டர்னா ஒரு முழு ஹெல்மெட், அவ்வளவுதான். என்னோடது 42 லிட்டர். லேப்டாப் ஸ்லீவ் அடியில, அது மேல நோட்டு, ஓரத்துல டிபன் பாக்ஸ், மேல ஒரு ஓப்பன் ஃபேஸ் ஹெல்மெட்னு அடுக்கினா சரியா மூடும். முதுகுப் பை வேணாம்னு ஆயிடுச்சு. வண்டியிலேர்ந்து கிளாஸுக்கு ஒரு மஞ்சப்பை போதும். லிட்டரை நம்பாதீங்க, லேப்டாப்பையே கொண்டு போய் வெச்சுப் பாருங்க. வட்டமா இருக்கிற பெட்டியில 15.6 இன்ச் லேப்டாப் படுக்காம முட்டிட்டு நிக்கும்.

கையில டேப்பும் இருக்கட்டும். 2020ல மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பைக்ல வைக்கிற பெட்டிக்கு அளவு சொல்லுச்சு. நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மில்லிமீட்டருக்கு மேல போகக் கூடாது. பெட்டி பின் சீட்டுக்குப் பின்னாடி இருந்தா இன்னொருத்தர் உக்காரலாம். பின் சீட்டு மேலயே இருந்தா ஓட்டறவர் மட்டும்தான். பெரிய பெட்டிகள்ல சிலது அகலத்துல இந்த அளவைத் தாண்டும். டெயில் லேம்ப், இண்டிகேட்டர், நம்பர் பிளேட் மூணும் மறையக் கூடாதுங்கறது சொல்லாமலே தெரியும்.

மாட்டறதுதான் விஷயமே. பெட்டி நல்லதா கெட்டதாங்கறதை விட, அதை எதுல, எப்படி மாட்டினீங்கங்கறது முக்கியம். பெட்டியோட அடியில ஒரு தட்டு வரும். அதை கிராப் ரெயில் மேல வெச்சு, அடியிலேர்ந்து பட்டை கொடுத்து நாலு போல்ட் போட்டு இறுக்கணும். பாக்கெட்ல கூட வர்ற காது நட்டை, அதாங்க, கையால திருகற அந்த ரெக்கை வெச்ச நட்டை, வீட்டுக்கே எடுத்துட்டுப் போயிடுங்க. அதுக்குப் பதிலா நைலாக் நட் போடுங்க. உள்ள ஒரு நைலான் வளையம் இருக்கும், மரையை இறுக்கிப் புடிச்சுக்கும். ஒரு நட்டு அஞ்சு பத்து ரூபாய்க்குள்ள வந்துடும். ஸ்பிரிங் வாஷர் போட்டாச்சே, கழலாதுன்னு கடைக்காரர் சொன்னா நம்ப வேண்டாம். போல்ட் தானா கழலறதுக்கு முக்கியக் காரணம் பக்கவாட்டுல நடக்கற சின்னச் சின்ன வழுக்கல்னு ஜங்கர்னு ஒரு ஜெர்மன் இன்ஜினியர் 1969லயே காட்டிட்டார். இன்னிக்கும் போல்ட் கழலறதைச் சோதிக்கற மெஷினுக்கு அவர் பேர்தான். சிங்கிள் சிலிண்டர் இன்ஜின் அதிர்ற அதிர்வுக்கு நம்ம கிராப் ரெயில் தினமும் அந்த டெஸ்டைத்தான் நடத்திட்டு இருக்கு.

தட்டுக்கும் கம்பிக்கும் நடுவுல பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி வைங்க. பெயின்ட் உரியாது, சத்தம் குறையும். ஆனா ரப்பர் நாளாக நாளாக அமுங்கும், அமுங்கினா போல்ட் தளரும். அதனால முதல் 100 கிலோமீட்டர்ல ஒரு தடவை, அப்புறம் மாசத்துக்கு ஒரு தடவை ஸ்பேனர் போட்டுப் பாருங்க. தட்டு போல்ட்டோட நிறுத்திடாதீங்க. கிராப் ரெயிலை சேசிஸோட சேக்கற போல்ட்டையும் பாருங்க, அதைத்தான் எல்லாரும் மறப்பாங்க. கிராப் ரெயிலைச் செஞ்சது பின்னாடி உக்கார்றவங்க புடிச்சுக்கறதுக்கு. அதோட நுனியில தினமும் 9 கிலோ குதிச்சா வெல்டிங் ஓரத்துல மயிர்க்கோடு மாதிரி விரிசல் விழலாம். மெக்கானிக்கல்காரங்களுக்கு ஃபட்டீக்னு ஒரு யூனிட்டே இருக்கு, நான் விளக்க வேண்டாம். ஒரு சீனியர் அண்ணாவோட வண்டியில இப்படித்தான் ஸ்பீட் பிரேக்கர் தாண்டினதும் கம்பியோட சேந்து பெட்டி கழண்டு ரோட்டுல உருண்டுச்சு. பின்னாடி வந்த பஸ் டிரைவர் பிரேக் போட்டதால லேப்டாப் மட்டும் போச்சு. எனக்கு மாட்டிக் கொடுத்த மெக்கானிக் அண்ணன் சேசிஸ்லேர்ந்தே தாங்கு கொடுக்கற மாதிரி கேரியரைப் போடச் சொன்னதுக்குக் காரணம் அதுதான். அந்த 700 ரூபாய்ல மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

இனி அதோட குடும்பம் நடத்தறது எப்படின்னு பாப்போம். முதல் வாரம் காலைத் தூக்கிப் போட்டு வண்டியில ஏறும்போது முழங்கால் பெட்டியில இடிக்கும். அப்புறம் காலை மடிச்சு சீட்டு மேலயே கொண்டு போகப் பழகிடும். ட்ராஃபிக்ல நுழைய முடியாதோன்னு பயப்பட வேண்டாம். பெட்டியை விட ஹேண்டில் அகலம், ஹேண்டில் நுழைஞ்ச இடத்துல பெட்டியும் நுழையும். வண்டியை ஸ்டாண்டுல ரிவர்ஸ் எடுக்கும்போது மட்டும் பக்கத்து வண்டியோட கண்ணாடியைப் பாத்துக்கோங்க. காலிப் பெட்டி கடகடன்னு கத்தும். பழைய யோகா மேட்டை வெட்டி உள்ள விரிச்சா அடங்கிடும், லேப்டாப்புக்கும் மெத்தையாச்சு.

வெயில்தான் பெரிய எதிரி. கருப்புப் பெட்டி ஏப்ரல் மாசத்துல வெட்ட வெளியில நின்னா உள்ள அடுப்பு. லேப்டாப், பவர் பேங்க் எதையும் விட்டுட்டுப் போகாதீங்க, லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. தயிர் சாதத்துக்கும் ஆகாது. லன்ச் பெல் அடிக்கறதுக்குள்ள அது வேற ஏதோவா ஆயிருக்கும். மழைக்கு ஒரு சோதனை இருக்கு. உள்ள நியூஸ் பேப்பர் விரிச்சு மூடி, மேல பத்து நிமிஷம் ஹோஸ்ல தண்ணி அடிங்க. திறந்து பாத்தா எந்த மூலை நனைஞ்சிருக்கோ அந்த மூலையில ரப்பர் சரியில்லன்னு அர்த்தம். இதை வடகிழக்குப் பருவமழை வர்றதுக்கு முன்னாடி, ரெக்கார்டு உள்ள இல்லாதப்போ செய்யறது நல்லது. பூட்டு? கை நீளறவனைக் கொஞ்சம் யோசிக்க வைக்கும், அவ்வளவுதான். பிளாஸ்டிக்கை உடைக்கணும்னு வந்தவனை இந்த விலைப் பூட்டு நிறுத்தாது. ஹெல்மெட், மழைக்கோட்டு, லேப் கோட்டுக்கு அது போதும்.

பின்னாடி உக்கார்றவங்களுக்கு முதுகு சாய ஒரு இடம் கிடைக்கும். எங்க அம்மாவுக்கு இந்த வண்டியில புடிச்ச ஒரே விஷயம் அதுதான். முன்னெல்லாம் ஸ்பீட் பிரேக்கர் வந்தா என் தோளைக் கிள்ளுவாங்க, இப்போ கிள்ளறதில்ல. ஆனா முழு எடையையும் அதுல சாய்ச்சுப் படுக்கற ஃப்ரெண்ட்ஸை உஷாரா வெச்சுக்கோங்க. மேல சொன்ன வெல்டிங் ஞாபகம் இருக்கட்டும்.

அந்த ஓப்பன் ஃபேஸ் ஹெல்மெட் எதுக்குன்னு யோசிச்சிருப்பீங்க. மோட்டார் வாகனச் சட்டத்தோட 129வது பிரிவு ஓட்டறவருக்கு மட்டும் இல்ல, பின்னாடி உக்கார்றவருக்கும் சேத்துத்தான். ஆனா சாயங்காலம் நாலரை மணிக்கு "மச்சி, ஸ்டேஷன்ல விட்டுடு"ன்னு வந்து நிக்கிறவன் கையில ஹெல்மெட் இருக்கவா போகுது? நாமளும் அவனை விட்டுட்டு வர மாட்டோம். நாம கொடுக்கற லிஃப்ட்ல பின்னாடி இருக்கிற தலை எப்பவும் வெறும் தலைதான். ஓட்டறவன் தலையில 2,000 ரூபாய் ஹெல்மெட், அவனை நம்பி உக்காந்தவன் தலையில ஹேர் ஜெல். பெட்டி வந்த பிறகு எனக்கு நிஜமா மாறினது இதுதான். ஐ.எஸ்.ஐ. முத்திரை போட்ட ரெண்டாவது ஹெல்மெட் ஒண்ணு எப்பவும் உள்ள இருக்கு. யார் ஏறினாலும் முதல்ல அதை எடுத்துக் கையில கொடுத்துடறேன். வேணாம்னு சொன்னவங்க ரொம்பக் கம்மி. நாத்தம் அடிக்குதுன்னு சொன்னவங்க உண்டு, அதனால உள்துணியை ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை துவைச்சுடறேன்.

வண்டி மூணாவது வரிசையில, வேப்பமரத்தடியில நிக்கும். அந்தப் பக்கத்துல பெட்டி வெச்ச வண்டி அது ஒண்ணுதான். கூடுவாஞ்சேரி, மறைமலைநகர் பக்கம் போறவங்க நாலரைக்கு வந்தா ஏறிக்கலாம். உங்க பையை நீங்கதான் மாட்டிக்கணும், பெட்டியில இடம் இருக்காது.